ஆனந்த குமாரசுவாமி: நடராசர் கட்டுரையோடு நாம் நின்றுவிட்டோமா?

துடியோசை எழுதியது:

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி என்றதும் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது சிவ நடனத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றுதான். கோயில் மலராயினும், நாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழாயினும், பட்டிமன்ற மேடையாயினும், துடி படைப்பைக் குறிக்கும், அமைத்த கை காத்தலைக் குறிக்கும், அனல் அழித்தலைக் குறிக்கும், ஊன்றிய திருவடி மறைத்தலையும் தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்ற விளக்கம் அவர் பெயருடனோ பெயர் இல்லாமலோ வந்துவிடுகிறது. அக்கட்டுரை 1912இல் 'சித்தாந்த தீபிகை' என்ற சைவ இதழில் வெளிவந்தது. 1918இல் நியூயார்க்கில் அச்சான பதினான்கு கட்டுரைகளின் தொகுப்புக்கு அதன் பெயரே தலைப்பாயிற்று.

என் கருத்து இது. அக்கட்டுரை அழகானது, ஆனால் அவருடைய திறனாய்வு வலிமைக்கு அது சிறந்த சான்று அன்று. அவர் பயிற்சியால் நிலவியலாளர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தவர். செரண்டிபைட் என்ற கனிமத்தை உலகுக்கு அறிவித்த 1903ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஜி. டி. பிரயருடன் அவர் பெயரும் இருக்கிறது. கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, உடைத்துப் பார்த்து, இது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று கேட்கிற அந்தப் பழக்கம்தான் பின்னர் பித்தளை விளக்கையும் ஓவியத் தாளையும் புத்தர் சிலையையும் பார்க்கும்போது அவருக்குக் கைகொடுத்தது. நாமோ அந்தப் பார்வையை விட்டுவிட்டுத் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அவருடைய வாழ்க்கையையும் பணியையும் இந்த நோக்கில் பேச விரும்புவோர் எழுதலாம்.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம் ஐயா. எங்கள் பக்கத்துச் செய்தியையும் சேர்த்துவிடுகிறேன்.

இவருடைய பாட்டனார் கேட் முதலியார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலைச் சேர்ந்தவர். 1833இல் தொடங்கிய இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்தவர். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தார். 1874இல் பாளி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தை மொழிபெயர்த்தார். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் சேர் முத்துவின் தமக்கை மக்கள். ஆகவே ஆனந்த குமாரசுவாமிக்கு மைத்துனர் முறை. இப்படிப் பார்த்தால் எங்களுடைய ஆள் என்று மார்தட்டிக்கொள்ள இடமுண்டு.

ஆனால் அந்த உரிமையைக் கொஞ்சம் நிதானித்துத்தான் கொண்டாட வேண்டும். 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்த பிள்ளையைத் தாயார் எலிசபெத் பீபி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னால் போய்ச் சேர வேண்டிய தந்தையார் 1879 மே மாதத்தில் கொழும்பிலேயே காலமானார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. குளோஸ்டர்ஷயரில் உள்ள விக்கிளிஃப் கல்லூரியில் படித்து, ஆங்கிலப் பிள்ளையாகவே வளர்ந்தார். 'கென்டிஷ்' என்ற நடுப்பெயர் தாயாரின் கென்ட் மாவட்டத்தைக் குறிப்பது. வளர்ந்த பிறகு அரசாங்க உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தபோது, அவருக்கு நாங்கள் புதியவர்கள், எங்களுக்கு அவர் புதியவர். தமிழ் நூல்கள் அவரை வந்தடைந்தது பெரும்பாலும் பிறருடைய மொழிபெயர்ப்பு வழியாகத்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர் முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தது யாழ்ப்பாணத்தை அன்று, கண்டியை. இதில் மனத்தாங்கல் கொள்ள ஒன்றுமில்லை. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கைக்குப் போய், பெருங்கோயில்கள் இடிபட்டு, சிற்பிகளையும் தச்சர்களையும் தாங்கி நின்ற அரசும் அற்றுப்போனது. கண்டி அரசு 1815 வரை நின்றது. அரச பணிக்கு ஈடாக நிலம் பெற்ற கைவினைக் குடும்பங்கள் அங்கே அந்த நிலத்திலேயே இருந்தன. கைத்தொழில் எப்படி ஒரு சமூகத்தில் வேர்விட்டு நிற்கிறது என்று பார்க்க விரும்பியவருக்குப் பார்க்க அங்கேதான் ஏதாவது மிஞ்சியிருந்தது.

பழஞ்சுவடி எழுதியது:

வடமராட்சியான் சொன்ன கண்டி ஆய்வின் விளைவே 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூல். நூலகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அந்த நூலின் உருவத்தைப் பற்றியே சிறிது சொல்ல வேண்டும்; அதன் உருவமும் அவருடைய வாதத்தின் ஒரு பகுதி.

இங்கிலாந்தில் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில் பாழடைந்து கிடந்த நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றைக் கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி செப்பனிட்டுத் தர, குமாரசுவாமி அதையே வீடாக்கிக் குடியிருந்தார். ஆஷ்பியின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகம் அங்கே கொண்டுவரப்பட்டது. ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மோரிஸ் தம்முடைய கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் கவிஞர் சாசரின் நூலை அச்சிட்ட அதே கைப்பொறியில், 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, குமாரசுவாமியின் மேற்பார்வையில் இந்நூல் அச்சானது. மொத்தம் 425 படிகள். கையால் செய்யும் தொழிலைப் பற்றிய நூல் கையால்தான் அச்சாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்திருக்கிறார். நூலுக்கான ஒளிப்படங்களில் பெரும்பகுதியை எடுத்தவர் அவருடைய முதல் மனைவி எதெல். இவரே பின்னாளில் எதெல் மைரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் முதன்மையான கைத்தறி நெசவாளர்களில் ஒருவரானார்.

உள்ளே என்ன இருக்கிறது? தச்சர், கொல்லர், தட்டார், ஓவியர், குயவர், நெசவாளர், பாய் பின்னுவோர் எனத் தொழில் தொழிலாகச் செல்கிறது நூல். ஓர் ஓவியன் சுவரில் முதலில் எந்தக் கோட்டை இழுக்கிறான், கொடிக்கோலமான 'லியவெல' எங்கே வளைகிறது, கொடியில் பெண்ணுருவம் பூக்கும் 'நாரிலதா' எந்த இடத்தில் வரும், கழுத்துப் பின்னிய அன்னங்களான 'ஹம்ச பூட்டுவ' எப்படி முடிச்சிடப்படுகிறது என்பவை தனித்தனி வரைபடங்களாக இருக்கின்றன. அந்தத் தொழிலாளிக்கு யார் நிலம் கொடுத்தார்கள், அதற்கு ஈடாக அவன் விகாரைக்கோ அரண்மனைக்கோ ஆண்டுக்கு என்ன செய்து தர வேண்டும் என்பதும் அதே கவனத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. கலைப்பொருளையும் அதைச் செய்தவனின் வயலையும் ஒரே நூலில் பார்த்த கலை எழுத்தாளர்கள் அந்தக் காலத்தில் மிகச் சிலரே. இதற்கு முன்பே, 1905இல், பழங்கட்டடங்கள் கண்முன் அழிவதைக் கண்டு கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றையும் எழுதியிருந்தார்.

துடியோசை ஐயா சொல்வதை நான் ஏற்கிறேன். என்னைக் கேட்டால் அவருடைய முதல் பெருநூலே இறுதிவரை அவருடைய மிகச் சிறந்த நூல்.

சுவாமிமலைவாசி எழுதியது:

நான் படிப்பாளி அல்லன். படிமம் வார்க்கும் தெருவில் வளர்ந்தவன். குமாரசுவாமியின் கண்டி நூலில் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கான 'நேத்திர மங்கல்யம்' பற்றி எழுதியிருப்பதை என் ஆசிரியர் ஒருவர் படித்துக் காட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் பட்டறைகளிலும் எல்லா வேலையும் முடிந்த பிறகு, நல்ல நேரம் பார்த்து, உளியால் கண்ணைத் திறப்பதுதான் கடைசி வேலை. கடல் கடந்தாலும் வழக்கம் ஒன்றாகவே இருக்கிறது.

படிமக் கலைஞன் எதிரே ஆளை நிறுத்திப் பார்த்துச் செய்வதில்லை, தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்தியே செய்கிறான் என்பது குமாரசுவாமி பல இடங்களில் வற்புறுத்திய கருத்து. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று என்பதை அடக்கத்துடன் சொல்ல விரும்புகிறேன். பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுலோகம் அன்று, தென்னை ஓலை. செய்ய வேண்டிய உயரத்துக்கு ஓர் ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாளக் கணக்கில் முகம், கழுத்து, மார்பு, கொப்பூழ், முழங்கால் என்று குறித்துக்கொள்வார்கள். அந்த ஒடியோலைதான் இறுதிவரை அளவு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சிச் சேர்த்த மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்தி, பிறகு தடித்த மண் பூசி, கம்பி கட்டி, சுட்டு மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றும்போது காற்று அடைத்துக்கொண்டால் விரல் நுனி நிறையாது. அப்போது தியானம் உதவாது. எங்கே காற்றுக்குழல் வைக்க வேண்டும் என்ற பட்டறிவுதான் உதவும்.

கண்டி நூலை எழுதிய குமாரசுவாமிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். பிற்காலக் கட்டுரைகளை எழுதிய குமாரசுவாமி இதைப் பேசுவது குறைவு. ஐயா சொன்ன வேறுபாடு எனக்கு இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

மாற்றுப்பார்வை எழுதியது:

அனைவரும் பாராட்டிக்கொண்டே போவதால் சில மறுப்புகளைப் பதிவு செய்கிறேன்.

முதலாவது, நடராசர் கட்டுரையின் கால முரண். சோழ அரசி செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கோயில்களில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆடவல்லான் (நடராசர்) திருவுருவம் சுவர்க் கோட்டத்தில் நிலையான இடம் பெற்றுவிடுகிறது. செப்புத் திருமேனிகளும் அக்கால எல்லையிலேயே பெருகுகின்றன. குமாரசுவாமி தம் விளக்கத்துக்கு அடித்தளமாகக் கொண்ட 'உண்மை விளக்கம்' என்ற சைவ சித்தாந்த நூலோ பதின்மூன்றாம் நூற்றாண்டினது. 'தோற்றம் துடியதனில்' என்று தொடங்கும் அதன் வெண்பாவைக் கொண்டு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வார்த்த சிற்பி என்ன எண்ணினான் என்று முடிவுகட்ட முடியாது. சோழ அரசர்க்கு ஆடவல்லான் வடிவம் அரசியல் அடையாளமாகவும் இருந்திருக்கலாம் என்று கலை வரலாற்றாளர் பத்மா கைமல் 1999இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்விகளை விரிவாக எழுப்பியிருக்கிறது.

இரண்டாவது, அவர் வரைந்து காட்டும் மரபுக் கைவினைஞன். தொழில் பிறப்பால் அமைவதை அவர் ஒழுங்கு என்று கண்டார்; 1918ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதல் கட்டுரையிலேயே சாதி அமைப்புக்குப் பரிந்து பேசுகிறார். கேம்ப்டனிலும் பாஸ்டனிலும் இருந்துகொண்டு, ஊரில் தகப்பன் தொழிலைவிட்டு வெளியேற முடியாதவனின் நிலையைப் புகழ்வது எளிது.

மூன்றாவது, தமக்குப் பிடிக்காதவற்றிடம் அவர் காட்டிய கடுமை. இரவிவர்மாவின் ஓவியங்களை நாடக மேடைத்தனம் என்று ஒதுக்கினார். இரசபுத்திர ஓவியத்தை உயர்த்துவதற்காக முகலாய ஓவியத்தை அரசவைக்கும் தனிமனிதனுக்கும் உரியதாகச் சுருக்கினார். இரு மரபுகளுக்கும் இடையே ஓவியர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன. திறனாய்வாளர் என்பவர் தம் கட்சிக்கு வழக்காடுபவர் அல்லர்.

துடியோசை எழுதியது:

மாற்றுப்பார்வை அவர்களின் மறுப்புகள் இந்த இழைக்குத் தேவையானவை. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

கால முரண் பற்றிய கருத்து வலுவானது. ஆயினும் அக்கட்டுரையை முழுவதும் படித்தால் குமாரசுவாமி ஓர் எச்சரிக்கையுடன் தொடங்குவது தெரியும். சிவனுடைய பல கூத்துகளில் மூன்றை அவர் பிரித்துக் காட்டுகிறார்: இமயத்தில் தேவர்கள் பாடவும் இசைக்கவும் ஆடுகிற மாலைக் கூத்து, சுடுகாட்டில் பூதகணங்களோடு ஆடுகிற தாண்டவம், தில்லை அம்பலத்தில் ஆடுகிற நாதாந்தக் கூத்து. சுடுகாட்டுக் கூத்தின் வேர் மிகப் பழையது, வைதிக நெறிக்குப் புறம்பான ஒரு தெய்வத்தைச் சார்ந்தது என்றும் சொல்கிறார். அதாவது, கூத்தின் பொருள் காலந்தோறும் மாறி வளர்ந்தது என்பதை அவர் அறிந்தே இருந்தார். காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காட்டு ஆட்டத்தில் ஐந்தொழில் விளக்கம் இல்லை. பேயும் நரியும் கள்ளியும்தான் இருக்கின்றன. அந்தத் திருவாலங்காட்டிலிருந்து கிடைத்து இன்று சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கும் செப்புத் திருமேனியின் ஒளிப்படங்களைப் பார்த்துத்தான் சிற்பி ரோதான் உருகி எழுதினார். அந்த எழுத்து குமாரசுவாமி, ஆங்கிலேயக் கலை எழுத்தாளர் ஹேவல் ஆகியோரின் எழுத்துகளோடு சேர்ந்து 1921இல் பாரிசில் நூலாக வந்தது. ஒரே திருமேனியை ரோதான் தசையாகவும் ஒளியாகவும் பார்க்கிறார், குமாரசுவாமி தத்துவமாகப் பார்க்கிறார், அம்மையார் பார்த்திருந்தால் சுடலையாகப் பார்த்திருப்பார். குமாரசுவாமியின் விளக்கம் தவறு என்பதைவிட, அது சைவ சித்தாந்தம் முதிர்ந்த காலத்தின் விளக்கம் என்று வரையறுப்பதே முறை. வரையறுக்காமல் பரப்பியது நம்முடைய வேலை.

அவ்விளக்கம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1897இல் 'சித்தாந்த தீபிகை' தொடங்கியது. ஜி. யூ. போப்பின் திருவாசகப் பதிப்பு 1900இல் வந்தது. உண்மை விளக்கம், திருமந்திரத்தின் திருக்கூத்துத் தரிசனம், சிதம்பர மும்மணிக்கோவை ஆகியவற்றை அவர் எடுத்தாள்வது இந்தச் சூழலில்தான். உலகம் முழுவதும் அவர் பெயரில் வழங்கும் விளக்கத்தின் முதல் பாதி உழைப்பு, நீதிமன்ற வேலைக்கு நடுவே மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தமிழ்ச் சைவ அறிஞர்களுடையது. அவர்கள் பெயரை நாமே சொல்வதில்லை.

சாதி பற்றிய இரண்டாவது மறுப்புக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அதை மறுக்கவும் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்கலாம். கலைஞன் என்பவன் தனிவகை மனிதன் அல்லன், ஒவ்வொரு மனிதனும் தனிவகைக் கலைஞன் என்று அவர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது, ஆலைத் தொழிலாளியிடமிருந்து அறிவும் அழகும் பறிக்கப்பட்டதை எண்ணித்தான். அந்தக் கோபம் மோரிசிடமிருந்து வந்தது. பிறப்புவழித் தொழிலே அதற்கு மருந்து என்று அவர் எண்ணியதுதான் பிழை.

செங்கல்மேடு எழுதியது:

ஒரு கேள்வி. சுதேசியம் பேசியவர், சென்னைக் கணேஷ் நிறுவனம் 1912இல் 'கலையும் சுதேசியமும்' என்று நூலே வெளியிட்ட அளவுக்குப் பேசியவர், தம்முடைய ஓவியச் சேகரிப்பை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது எப்படி நியாயம்?

பழஞ்சுவடி எழுதியது:

செங்கல்மேடு அவர்களின் கேள்வி பலரும் கேட்பது. இதற்கு 1910இலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாண்டு ஜனவரியில் இலண்டன் அரச கலைக் கழகத்தில் ஹேவல் ஆற்றிய உரைக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பேர்ட்வுட். இந்தியக் கைத்தொழில்களைப் பற்றிப் பெரும்பணி செய்தவர். ஆனால் இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று இல்லை என்பது அவர் முடிவு. சாவகத்து (ஜாவா) புத்தர் சிலை ஒன்றின் படத்தைக் காட்டி, கொழுப்பிட்டு அவித்த மாவுப் பண்டமும்கூட இதே அமைதியைக் காட்டும் என்ற பொருள்பட ஏளனம் செய்தார். பிப்ரவரி 28 அன்று 'டைம்ஸ்' நாளிதழில் வில்லியம் ரோதன்ஸ்டைன், வால்டர் கிரேன், லெதபி உள்ளிட்ட பதின்மூன்று பேர் கையெழுத்திட்ட மறுப்பு வெளியாயிற்று. ரோதன்ஸ்டைன், ஹேவல், குமாரசுவாமி முதலியோர் முயற்சியில் இந்தியக் கழகம் என்ற அமைப்பும் அவ்வாண்டிலேயே உருவானது. இந்தியச் சிற்பத்தை நுண்கலை என்று ஏற்க வைக்கவே இவ்வளவு வழக்காட வேண்டியிருந்த காலம் அது. மாற்றுப்பார்வை அவர்கள் குறைகூறிய வழக்கறிஞர்த்தனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

அதன்பின் 1910–11இல் அலகாபாத்தில் நடந்த ஐக்கிய மாகாணக் கண்காட்சியில் கலைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் வட இந்தியாவில் சுற்றி, இராசத்தானிலும் பஞ்சாப் மலைநாட்டிலும் இருந்து வந்த ஓவியங்களை ஏராளமாகச் சேர்த்தார். இவை முகலாய ஓவியத்தின் நாட்டுப்புறக் கிளை என்று பலர் எண்ணியிருந்தபோது, இவற்றுக்கெனத் தனி மரபு உண்டு என்று 1916இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட இரு தொகுதிகளில் நிறுவினார். இராசத்தானி, பகாடி என்று அவர் பிரித்த பகுப்பைத்தான் இன்றும் அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகள் பின்பற்றுகின்றன. அச்சேகரிப்பை நாட்டுக்கே தருகிறேன், காசியில் ஓர் அருங்காட்சியகம் கட்டுங்கள் என்று அவர் கேட்டார். கட்ட யாரும் முன்வரவில்லை.

பின்னர் முதல் உலகப் போர் வந்தது. அடிமை நாட்டைச் சேர்ந்தவன் பிரிட்டனுக்காகப் போரிடக் கடமைப்பட்டவன் அல்லன் என்பது அவர் நிலைப்பாடு. இங்கிலாந்தில் இருப்பது அவருக்குக் கடினமாயிற்று. 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்காக டென்மன் ராஸ் என்ற சேகரிப்பாளர் அவருடைய தொகுப்பை வாங்கிக் கொடையாக அளிக்க, தொகுப்போடு குமாரசுவாமியும் இந்தியப் பிரிவின் காப்பாளராகச் சென்றார். நட்டம் நம்முடையது, பழியை அவர்மேல் மட்டும் போடுவது பொருந்தாது.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள். 1923 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த விளக்க அட்டவணைகள், 1927இல் வெளிவந்த 'இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு', அதே ஆண்டில் புத்தர் படிமத்தின் தோற்றம் பற்றிய கட்டுரை, 1928இலும் 1931இலும் இயக்கர் (யட்சர்) என்னும் பழந்தெய்வங்கள் பற்றிய இரு பகுதிகள் ஆகியவை அங்கே எழுதப்பட்டவை. இவற்றுள் புத்தர் கட்டுரையைச் சற்றே விரித்துச் சொல்கிறேன்; துடியோசை ஐயா சொன்ன நிலவியலாளரின் கண் இதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

புத்தரை மனித உருவில் முதலில் வடித்தது காந்தாரத்துக் கிரேக்க மரபுச் சிற்பிகளே என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே நிறுவியிருந்தார். ஐரோப்பாவில் அது ஏறக்குறைய முடிந்த வழக்கு. குமாரசுவாமி மதுராவின் சிலைகளை முன்னால் கொண்டுவந்தார். பிக்கு பாலர் குஷாண மன்னர் கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டில் சாரநாத்தில் நிறுவிய போதிசத்துவர் சிலையைப் பாருங்கள். மதுராவின் செந்நிறக் கல், ஆளுயரத்தை விஞ்சிய உருவம், கால்களை அகற்றி ஊன்றிய நிலை, இடுப்பில் மடக்கி வைத்த இடக்கை, திறந்த வலத்தோள், உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடை. கிரேக்க மேலாடையின் கனத்த மடிப்பு இதில் எங்கே? இதே தோளும் இதே நிலையும் அதற்கு முந்தைய இயக்கர் சிலைகளில் இருக்கின்றன. ஆகவே உள்ளூர்த் தெய்வ உருவத்திலிருந்தே புத்தர் உருவம் எழ வழி இருந்தது என்பது அவர் வாதம். காந்தாரமா மதுராவா என்ற பூசல் இன்னும் தீரவில்லை. ஆனால் மதுராவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது என்ற நிலையை உண்டாக்கியவர் அவர்தான்.

ஒரு பக்கச் செய்தி: ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்சின் 27 படங்களை 1924இல் பாஸ்டன் அருங்காட்சியகம் ஏற்கச் செய்தவரும் இவரே. பெரிய அமெரிக்க அருங்காட்சியகங்கள் ஒளிப்படத்தைக் கலை என்று எண்ணாத காலம் அது. எந்திரத்தைச் சாடியவர் என்று மட்டும் அவரை நினைப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வடமராட்சியான் எழுதியது:

தனி வாழ்க்கை பற்றியும் ஓரளவு சொல்லலாம். அது பணியோடு பின்னியது. இரண்டாவது மனைவி ஆலிஸ் ரிச்சர்ட்சன் 'இரத்தன் தேவி' என்ற பெயரில் இந்தியப் பாடல்களை மேடையில் பாடினார். பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்கள் முப்பதை இருவரும் 1913இல் தாகூரின் முன்னுரையோடு வெளியிட்டனர். மூன்றாவது மனைவி ஸ்டெல்லா பிளாக் நடனக் கலைஞர். 1917இல் ஆந்திர விடுதலை வீரர் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து அபிநய தர்ப்பணம் என்ற வடமொழி நாட்டிய நூலைக் குமாரசுவாமி ஆங்கிலத்தில் தந்தது இங்கே நினைக்கத் தக்கது. கலாக்ஷேத்திரா தோன்றுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த நூல் உலக வாசகர் கைக்கு வந்துவிட்டது. நான்காவது மனைவி லூயிசா அவருடைய கடைசிக் காலம் வரை உடனிருந்து எழுத்துப் பணிகளைப் பேணினார்.

1947 ஆகஸ்டில் எழுபதாம் பிறந்தநாள் விருந்தில், ஓய்வு பெற்று இந்தியாவுக்குத் திரும்பி வாழப்போவதாக அறிவித்தார். செப்டம்பர் 9 அன்று மசாசூசெட்சில் உள்ள நீடமில் காலமானார்.

அவருடைய எழுத்துகள் நூற்றுக்கணக்கான இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றின் பட்டியலையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் தேடித் தொகுத்தவர் மலேசியாவில் ஆசிரியராக இருந்த ச. துரைராஜசிங்கம். உலகெங்கும் கடிதம் எழுதிக் கேட்டு, தம் கைக்காசில் அச்சிட்டு, 1974இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1977இல் ரோஜர் லிப்சியைக் கொண்டு மூன்று தொகுதிகள் வெளியிடுவதற்கு முன்னமே நடந்த வேலை இது. குமாரசுவாமிக்குத் தமிழர் செய்த பணி எது என்று யாராவது கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

சுவாமிமலைவாசி எழுதியது:

ஐயா, அவருடைய பிற்கால நூல்களை எடுத்தால் ஒரு வரிக்கு நான்கு மொழிகளில் அடிக்குறிப்பு வருகிறது. என் போன்றவர் எங்கிருந்து தொடங்குவது?

துடியோசை எழுதியது:

அடிக்குறிப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1932க்குப் பிறகு அவர் ஆய்வுறுப்பினராக மாறி, பிளேட்டோ, எக்கார்ட், உபநிடதம், தாமஸ் அக்வினாஸ் ஆகியோரை ஒரே பத்தியில் உரையாட வைத்த காலத்தின் நடை அது. அந்நூல்களில் எனக்கு ஈடுபாடு உண்டு. ஆனால் அங்கே சிலை மெல்ல மறைந்து மேற்கோள் மிஞ்சுகிறது என்பது என் குறை.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் கண்டி நூல், அதுவும் உலோக வேலை பற்றிய பகுதி. உங்கள் தெருவில் நடப்பதோடு ஒப்பிட்டுப் படிக்க உங்களைவிடத் தகுதியானவர் இந்த இழையில் இல்லை. அடுத்து 1927ஆம் ஆண்டு வரலாற்று நூல். தேதிகள் சில மாறிவிட்டன, பார்வை மாறவில்லை. அதன்பின் 1943இல் வந்த, கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கிறோம் என்ற கட்டுரைத் தொகுப்பு. அருங்காட்சியகத்திலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டே, பயன்பாட்டுக்காகச் செய்த பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதில் என்ன இழக்கிறோம் என்று கேட்டவர் அவர். நடராசர் கட்டுரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உண்மை விளக்கத்தின் மூல வெண்பாக்களைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாற்றுப்பார்வை எழுதியது:

வரிசையை ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். 1918 தொகுப்பின் முதல் கட்டுரையையும் இடையில் சேர்த்துவிடுங்கள். கண்டித் தொழிலாளியின் நிலவுரிமையை அவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர், பத்தே ஆண்டுகளில் அந்த நிலத்திலிருந்து விலக அவனுக்கு உரிமை இருந்ததா என்று கேட்காமலே எழுதுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம்.